நிழலில்லாத ஜனவரி: குளிர்நாட்டிலிருந்து மொரிஷியஸுக்கு வந்த ஒரு வீட்டின் பண்டிகைகள்

2022 டிசம்பர் 24ஆம் திகதி பின்னேரம் எங்கள் சமையலறை மேசையில் ஒரு ஜிஞ்சர்பிரெட் வீடு சரிந்தது. இஞ்சி பிஸ்கட்டைச் சுவராகவும் கூரையாகவும் நிறுத்தி, முட்டை வெள்ளைக்கருவோடு ஐசிங் சீனியை அடித்துப் பசையாக்கி ஒட்டுகிற வீடு அது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்தபோது வருடாவருடம் அதே அளவில், அதே பாத்திரத்தில் செய்வோம், ஒரு மணி நேரத்தில் கல்லாக இறுகிவிடும். மொரிஷியஸில் நாங்கள் இருக்கிற கட்ர்போர்னில் நாலு மணி நேரம் கழித்தும் பசை பசையாகவே இருந்தது. கூரையின் ஒரு பக்கம் வழுக்கியது, பிறகு முன்சுவர் ஈரம் குடித்து நடுவில் வளைந்தது. மகள் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை எடுத்தால் விழும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் கால் மணி நேரமாக எடுக்கவே இல்லை. அப்புறம் எடுத்தாள். வீடு விழுந்தது, அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்தக் குறிப்பு அந்த வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. குளிர்நாட்டுப் பண்டிகைப் பழக்கங்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வெப்பநாட்டுக்கு வந்த எங்கள் குடும்பத்தில் எது நின்றது, எது விழுந்தது, புதிதாக எது முளைத்தது என்று மூன்று வருடமாக ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். ஒரே ஒரு வீட்டின் கதை இது, எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் எங்களைப்போல இடம் மாறுகிறவர்களுக்குப் பயன்படக்கூடிய சில விஷயங்கள் அதில் இருக்கின்றன, அதனால் முழுதாக எழுதுகிறேன்.

யார், எங்கிருந்து, எங்கே

நான் யாழ்ப்பாணம் கொக்குவிலில் பிறந்து, 1995 போர்க்கால இடப்பெயர்வில் அலைந்து, 2001இல் கனடா போனவள். கணவரும் அப்படித்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் ரொறன்ரோவில் பிறந்தவர்கள். என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். 2022 ஓகஸ்டில் கணவரின் வேலைக்காக மொரிஷியஸ் வந்தபோது மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு எட்டு, அம்மாவுக்கு எழுபது.

நாங்கள் சைவக் குடும்பம். ஆனால் கனடாவில் பிள்ளை வளர்க்கிற எவருக்கும் தெரியும், பள்ளிக்கூடமும் தெருவும் கடையும் சேர்ந்து டிசம்பர் மாதத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும், அதை வாசலில் நிறுத்தி வைக்க முடியாது. எங்களுக்கு அது கோயில் சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கவில்லை, பிள்ளைகளின் பருவகாலமாக இருந்தது. தீபாவளியில் தொடங்கி ஹாலோவீன், கிறிஸ்மஸ், பொங்கல், தைப்பூசம் என்று தைப்பூசம் வரை எல்லாமே குளிர். சித்திரை வருடப்பிறப்புக்குத்தான் ஜாக்கெட்டைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

மொரிஷியஸ் தெற்கே 20 பாகையில் இருக்கிற தீவு. டிசம்பரும் ஜனவரியும் நடுக்கோடை, நவம்பர் முதல் மே வரை புயல் காலம். தமிழர் இங்கே புதியவர்கள் அல்ல. பிரெஞ்சுக்காரர் ஆண்ட 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள், 1834க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் ஒப்பந்தக் கூலிகள் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள். இன்று பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து உண்டான கிரெயோல் மொழி. தமிழ் கோயிலிலும், பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமாகவும், சமையலறையிலும் நிற்கிறது. ரசத்தை ரசோன் என்பார்கள், முருங்கைக்கீரையை பிரெட் மூரூம் என்பார்கள். ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழில் பெறுமதி அச்சிட்டிருக்கிறது. வந்த முதல் வாரம் கடையில் மிச்சக் காசு வாங்கிய அம்மா அந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார், செலவழிக்கவில்லை. அது பிறகு வரும்.

முதல் டிசம்பர்

எல்லாவற்றையும் கப்பலில் கொண்டுவந்திருந்தோம். ஆறடி பிளாஸ்டிக் மரம், ஒரே மாதிரித் தைத்த தடித்த பிளானல் பைஜாமாக்கள், ஹொட் சொக்லட் கோப்பைகள், வான்கோழி வாட்டுகிற பெரிய தட்டு. எதையும் யோசிக்கவில்லை. பழகியதைச் செய்தால் பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தோம்.

பைஜாமாவைப் போட்ட பத்தாவது நிமிடம் மகன் கழற்றி எறிந்தான். வான்கோழிக்காக அவணை நாலு மணி நேரம் எரித்ததில் வீடே அவணாகிவிட்டது, அம்மா வாசற்படியில் போய் உட்கார்ந்தார். வீட்டுக்கு வெளியே கட்டிய வண்ண விளக்குகளைப் போட்டால் வெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இரவு எட்டு மணிக்கு ரொறன்ரோவோடு வீடியோ அழைப்பு. அங்கே அப்போது காலை பதினொன்று. அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு முந்தின நாட்களில் தென் ஒன்டாரியோவைப் பெரிய பனிப்புயல் தாக்கியிருந்தது, விமானங்கள் ரத்து, அண்ணா குடும்பம் வெளியே போக முடியாமல் வீட்டில் அடைபட்டுக் கிடந்தது. அண்ணி பாவம், முறைப்பாடு முறைப்பாடாகச் சொன்னார். மகள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை, உள்ளே எல்லாரும் ஒரே சோபாவில் ஒரே போர்வைக்குள். "அவையளுக்கு எல்லாம் இருக்கு" என்றாள், அவ்வளவுதான் சொன்னாள்.

பிறகு 31ஆம் திகதி. புதுவருடத்தை இங்கே பானானே என்பார்கள், ஜனவரி 1, 2 இரண்டு நாளும் அரசு விடுமுறை. நள்ளிரவில் தீவு முழுவதும் சிவப்புச் சீனவெடிச் சரங்களைக் கொளுத்துவார்கள், தீயது ஓடிவிடும் என்பது நம்பிக்கை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு முதல் சரம் பக்கத்துத் தெருவில் வெடித்ததும் அம்மா எழும்பிக் குளியலறைக்குள் போய்ச் சுவரோடு முதுகைச் சாத்தித் தரையில் இருந்துவிட்டார். ஷெல்லடிக்குப் பதுங்குகுழியில் இருந்த உடம்பு அது. நான் பக்கத்தில் போய் இருந்தேன். ஓய முக்கால் மணி நேரத்துக்கு மேலானது.

ஜனவரி முதல் வாரம் கொப்பி வாங்கினேன்.

நாங்கள் உண்மையில் எதை இழந்திருந்தோம்

கொப்பியில் முதலில் செய்தது, ரொறன்ரோவில் செய்த ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்குச் செய்தோம், யார் செய்தார்கள், எந்த அறையில் செய்தோம் என்று எழுதியதுதான். எழுத எழுத எனக்கே ஆச்சரியம். பனி அதில் எங்கேயும் இல்லை. பனியில் நாங்கள் செய்த ஒரே வேலை கார்ப்பாதையைச் சுரண்டியதுதான், அதைப் பிள்ளைகள் யாரும் நினைத்து ஏங்கவில்லை. எல்லா வரியிலும் இருந்தது இருட்டு.

டிசம்பர் 21இல் ரொறன்ரோவில் காலை 7.48க்கு விடிந்து மாலை 4.43க்குச் சூரியன் மறைந்துவிடும், பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து பாலைக் குடித்து முடிக்கும்போதே இருட்டு. கதவை மூடியாகிவிட்டது, இனி யாரும் எங்கேயும் போகப்போவதில்லை, படுக்க இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது. ஜிஞ்சர்பிரெட் வீடு, படம் பார்ப்பது, விளக்குப் பார்க்கக் காரில் சுற்றுவது எல்லாம் அந்த நாலு மணி நேரத்துக்காக உண்டானவை. அதே நாளில் இங்கே ஐந்தரைக்கு விடிந்து மாலை ஆறே முக்காலுக்குப் பிறகுதான் சூரியன் மறைகிறது. நன்றாக இருட்டும்போது பிள்ளைகள் நாள் முழுவதும் வெயிலில் ஓடிக் களைத்துப்போய்க் கொட்டாவி விடுகிறார்கள். அந்த நாலு மணி நேரம் இங்கே இல்லவே இல்லை.

இது தெரிந்தபிறகு கேள்வி மாறிவிட்டது. இங்கே எல்லாரும் ஓய்ந்து ஒன்றாக இருக்கக்கூடிய நேரம் எது? கோடையில் அது விடியற்காலை. இருட்டு வேண்டுமென்றால் அது ஜூன், ஜூலையில் இருக்கிறது. இந்த இரண்டு வரியையும் கண்டுபிடிக்க எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பொங்கல் தானாகவே சரிவந்தது

இடையில், யாரும் திட்டம் போடாமலே ஒன்று நடந்தது. பக்கத்து வீட்டில் அறுபது கடந்த ஒரு தமிழ் அம்மா இருக்கிறார். பிள்ளைகள் இங்குள்ள வழக்கப்படி அவரைத் தாந்தின், அதாவது அன்ரி, என்று கூப்பிடுகிறார்கள். அவருக்குத் தமிழில் தேவாரமும் சாப்பாட்டுப் பெயர்களும் உறவுமுறைகளும் தெரியும், மற்றதெல்லாம் கிரெயோல். அம்மாவுக்குக் கிரெயோலில் ஒரு சொல் தெரியாது. இரண்டு பேரும் வேலிக்கு இரு பக்கமும் நின்று அரை மணி நேரம் பேசுவார்கள்.

2023 பொங்கலுக்கு முதல்நாள் நான் சமையலறையில் காஸ் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரொறன்ரோவில் இருபது வருடமாக அப்படித்தான், புகை மணி அடிக்காமல் இருக்க ஒரு ஜன்னலை விரல் அகலம் திறந்துவைத்துவிட்டுப் பொங்குவோம். தாந்தின் வந்து பார்த்துவிட்டு அம்மாவிடம், "இங்கேயா? இல்லை அம்மா. பொங்கல் தெயோர், தெயோர்" என்று முற்றத்தைக் காட்டினார். தெயோர் என்றால் வெளியே.

அடுத்த நாள் ஞாயிறு, விடிய ஐந்தே முக்காலுக்கு முற்றத்தில் மூன்று கல். இந்தத் தீவில் எங்கே தோண்டினாலும் எரிமலைக் கருங்கல்தான், கல்லுக்குப் பஞ்சமில்லை. அம்மா மாக்கோலம் போட்டார். விறகை அடுக்கித் தேங்காய்ப்பாளையைச் சொருகி அவரே மூட்டினார், யாரையும் தொடவிடவில்லை. கரும்புத் தீவாக இருந்தாலும் வெட்டு ஜூனில் தொடங்கி டிசம்பரோடு முடிந்துவிடும், ஜனவரியில் வயலில் நிற்பது இளங்கரும்பு. அதனால் கரும்பு இல்லை, ஆனால் ஆலையிலிருந்து வருகிற ஈரமான கறுப்பு மஸ்கோவாடோ சீனி இருந்தது, சக்கரைக்குப் பதில் அதைப் போட்டோம். பானை பொங்கி வழிந்தபோது அம்மா பாலைப் பார்க்கவில்லை, புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "95க்குப் பிறகு முத்தத்திலை அடுப்பு மூட்டேல்லை, பிள்ளை" என்றார். இருபத்தேழு வருடம். நாங்கள் குளிர்நாட்டுப் பழக்கத்தை இழந்த கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம், அம்மாவுக்கு அந்தக் குளிர்நாட்டில் இழந்தது ஒன்று திரும்பி வந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மத்தியானம் மகன் முற்றத்தில் நின்று கத்தினான்: "அம்மா, என்ரை நிழலைக் காணேல்லை!"

பார்த்தால் உண்மை. காலைச் சுற்றி ஒரு சிறு கறுப்புத் திட்டு, அவ்வளவுதான். கணவர் தும்புத்தடி ஒன்றை ஒரு மீட்டருக்கு அறுத்து, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேர் பார்த்து நட்டார். பன்னிரண்டு இருபதுக்கு அளந்தோம். ஒன்றரை சென்டிமீட்டர். கட்ர்போர்னும் 20 பாகைக்குச் சற்றுத் தெற்கே, தைப்பொங்கல் அன்று சூரியன் 21 பாகைக்குச் சற்றுத் தெற்கே, அதனால் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே. அதே நாளில் ரொறன்ரோ உச்சிவேளையில் அதே தடிக்கு நிழல் இரண்டு மீட்டருக்கு மேல், யாழ்ப்பாணத்தில் அறுபது சென்டிமீட்டர். மகன் இந்த மூன்று எண்ணையும் கொப்பியில் எழுதச் சொன்னான். எழுதினேன்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். உத்தராயணத்தில் சூரியன் வடக்கே திரும்புவது அவருக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனால் திரும்புகிற சூரியனுக்குக் கீழே தான் நிற்பது புதிது. "அப்ப இங்கையிருந்துதான் எங்கடை ஊருக்கு வெளிக்கிடுறார்" என்றார்.

காவடிக்குத் தண்ணீர்

ரொறன்ரோவில் தைப்பூசம் என்றால் வேலை முடிந்து இருட்டில் கோயிலுக்குப் போய், வாசலில் பனிச்சேற்றுக்குள் சப்பாத்தைத் தேடுவது. இங்கே அது அரசு விடுமுறை. பத்து நாள் விரதம், கொடியேற்றம், பிறகு தெருத்தெருவாகக் காவடி. கோர் தெ கார்ட் மலைச் சரிவில் இருக்கிற முருகன் கோயிலுக்கு எங்கள் பக்கத்தால் போவார்கள்.

2023 பெப்ரவரி 4ஆம் திகதி காலை தாந்தின் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார். தார் ரோட்டுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெறுங்காலோடு வருகிறார்கள், கன்னத்திலும் நாக்கிலும் அலகு, தோளில் பூவும் குருத்தோலையும் கட்டிய காவடி, பெண்கள் தலையில் பாற்செம்பு, தார் கொதிக்கிறது. மகள் ரப்பர் குழாயை நீட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றாள். ஒரு வயதான பெண் பாற்செம்போடு நனைந்த ரோட்டில் ஒரு நிமிடம் நின்று, இரண்டு பாதத்தையும் மாறி மாறித் தேய்த்துக் குளிர்ச்சி வாங்கிக்கொண்டு, இவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு இரவு மகள் வந்த நாளிலிருந்து முதல்தடவையாக அடுத்த வருடத்தைப்பற்றிப் பேசினாள். ஒரு குழாய் போதாது, திருப்பத்திலும் ஒன்று வேண்டும் என்றாள்.

இந்த ஆய்வில் எனக்கு மிகப் பெரிய பாடம் இதுதான். பிள்ளைக்கு நாங்கள் ஒரு காட்சியைத் திரும்ப உண்டாக்கிக் கொடுக்கப் பார்த்தோம். அவளுக்குத் தேவைப்பட்டது வேலை. ஜிஞ்சர்பிரெட் வீடும் அவளுக்கு வேலைதான், நாங்கள் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தோம்.

இரண்டாம் டிசம்பர், பிறகு புயல்

2023 டிசம்பருக்குள் கொப்பியின் உதவியால் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. கிறிஸ்மஸை இரவிலிருந்து விடியலுக்கு மாற்றினோம். 25ஆம் திகதி நாலரைக்கு எழும்பி, இடியப்பமும் சொதியும் வாழையிலையில் கட்டி, இஞ்சித் தேநீரைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு ஃபிளிக் அன் ஃபிளாக் கடற்கரைக்கு. அது மேற்குக் கரை, சூரியன் முதுகுப்பக்கத்து மலைகளுக்குப் பின்னாலிருந்து வரும், கரையோரம் முழுக்கச் சவுக்கு மரம், அதனால் நன்றாக விடிந்தபிறகும் மணல் குளிர்ந்தே இருக்கும். ஒன்பது மணிக்குச் சனம் வரத் தொடங்கும்போது நாங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். முதல்நாள் மகன் கரையில் உதிர்ந்து கிடந்த சவுக்குக் கொப்புகளைப் பொறுக்கி வாளியில் நட்டு வைத்திருந்தான், தமிழ்நாட்டிலும் கிறிஸ்தவ வீடுகளில் சவுக்குக் கொப்பைத்தான் மரமாக வைப்பார்கள் என்று கணவர் சொன்னதும் அவனுக்குப் பெருமை. பிளாஸ்டிக் மரம் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

பரிசுப்பொருட்களைக் கடற்கரையில் பிரித்தது தவறு. காற்று தாளைக் கடலுக்குக் கொண்டுபோனது, கணவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பொறுக்கினார். இப்போது அம்மாவின் பழைய சேலைத் துண்டில் முடிச்சுப்போட்டுக் கொடுக்கிறோம், துண்டு வருடாவருடம் திரும்பி வரும். தேங்காய்ச் சம்பலைக் கொண்டுபோனதும் தவறு, பச்சைத்தேங்காய் இந்தச் சூட்டில் சீக்கிரம் புளித்துவிடும். பழத்துக்கு லிச்சி. நவம்பரிலும் டிசம்பரிலும் தீவு முழுக்க லிச்சிதான், வௌவால் தின்னாமல் மரங்களை வலை போட்டு மூடியிருப்பார்கள்.

31ஆம் திகதி இரவுக்கு அம்மாவே வழி சொன்னார். பதினொன்றுக்கு எல்லா ஜன்னலையும் மூடி, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, பாட்டைக் கூட்டிவைத்து, நாலு பேராக 304 விளையாட உட்கார்ந்தோம். யாழ்ப்பாணத்துச் சீட்டாட்டம், கேள்வி கேட்டுத் துரும்பை மறைத்து வைத்து ஆடுவது, கவனம் கொஞ்சம் சிதறினால் தோற்றுவிடுவீர்கள். பன்னிரண்டு மணிக்கு வெடி தொடங்கியபோது அம்மாவின் கை ஒருமுறை நின்றது. மகள், "அம்மம்மா, உங்கடை இறக்கம்" என்றாள். அம்மா இறக்கினார். விடிய ஒரு மணிவரை ஆடினோம். மூடிய கதவு, ஒரே மேசை, வெளியே போக முடியாத இரவு. ரொறன்ரோவின் டிசம்பரில் எது இருந்ததோ அது இந்த மேசையில் இருந்தது, அதை மகளும் சொன்னாள்.

பொங்கலுக்கு மட்டும் எங்களிடம் மாற்றுத் திட்டம் இல்லை. 2024 ஜனவரி 15, பொங்கலன்றே, பெலால் புயல். போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது. விறகெல்லாம் நனைந்து, கதவுக்குக் கீழே துணி அடைத்து, காஸ் அடுப்பில் ஒரு சின்னப் பானையில் பொங்கி முடித்தோம். கோடையில் வெளியே எதைத் திட்டமிட்டாலும் உள்ளே செய்ய ஒரு வழியையும் சேர்த்தே யோசித்து வைக்க வேண்டும். இங்கே புயல் எச்சரிக்கை ஒன்று முதல் நாலு வகுப்பு வரை உண்டு, அந்த அறிவிப்புகளை வானொலியில் கேட்டுப் பழகுவதும் பண்டிகைத் தயாரிப்பில் சேர்த்தி.

மகனுக்குப் பொங்கல் போனதைவிட நிழல் போனதுதான் கவலை. அவன் நச்சரிப்புத் தாங்காமல் 20ஆம் திகதி சனிக்கிழமை, வெயில் வந்தபிறகு, தடியை நட்டோம். பன்னிரண்டு இருபத்தொன்றுக்கு நிழல் இல்லை. ஒன்றரையும் இல்லை, ஒன்றும் இல்லை. தடியின் அடியைச் சுற்றி மண் ஒரே மஞ்சளாகக் கிடந்தது. அவன் சுற்றிச் சுற்றி வந்து தேடினான். எங்கள் இடத்துக்கு உச்சிச்சூரியன் நேரே வருகிற நாள் உண்மையில் அதுதான், பொங்கலுக்கு ஐந்தாறு நாள் பிந்தி. அதுவரை வடக்கே விழும் நிழல் அதற்குப் பிறகு தெற்கே விழத் தொடங்கும். புயல் வந்திராவிட்டால் இந்த நாளை நாங்கள் கவனித்தே இருக்கமாட்டோம்.

ரொறன்ரோவில் அண்ணாவின் பிள்ளைகளும் தங்கள் பின்வளவில் ஒரு மீட்டர் தடியை நட்டார்கள். அங்கே உச்சிவேளை என்றால் இங்கே இரவு ஒன்பதரை. பனியின்மேல் நீலமாக இரண்டு மீட்டர் நிழல், அதன் பக்கத்தில் படுத்து அளவு காட்டுகிற ஒரு மருமகன். அந்தப் படத்தைப் பார்த்தபோது மகளின் முகத்தில் போன வருடத்து ஏக்கம் இல்லை. இரண்டு பக்கமும் ஏதோ ஒன்று இருந்தது.

மற்றவை

ஹாலோவீன் இங்கே எங்களுக்குப் பிடிபடவில்லை, விட்டுவிட்டோம். ஆனால் 2024இல் தீபாவளி அக்டோபர் 31இலேயே வந்தது, அப்போது மகன் ஒன்று சொன்னான். இங்கே தீபாவளிக்கு வீட்டில் செய்ததை, முக்கியமாக வற்றாளங்கிழங்கு மாவுக்குள் தேங்காய்ப்பூ வைத்துப் பொரிக்கிற கட்டோ பட்டாட்டை, பிள்ளைகள் கையில் கொடுத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அனுப்புவார்கள், எந்த மதம் என்று பார்ப்பதில்லை. "அங்கை கதவு தட்டி வாங்கினம், இங்கை கதவு தட்டிக் குடுக்கிறம்" என்றான். கதவு தட்டுவதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது போல.

வான்கோழி, ஹொட் சொக்லட், பிளானல் பைஜாமா மூன்றும் ஜூலைக்குப் போய்விட்டன. அப்போது பள்ளிக்கூட விடுமுறை, ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மேட்டுநிலத்தில் இரவில் சால்வை தேவைப்படுகிற குளிர். ஒரு வாரம் முழுக்க வீட்டை மூடிக்கொண்டு படம் பார்க்கிறோம். 2024 ஜூலையில் ஜிஞ்சர்பிரெட் வீடும் நின்றது. காற்று காய்ந்திருந்த ஒரு நாளாகப் பார்த்து, சுவர் பிஸ்கட்டை இரண்டாம் தடவை சூடாக்கி ஈரத்தை எடுத்துவிட்டு, பசைக்குச் சீனியைக் காய்ச்சிப் பாகாக்கி ஊற்றினாள் மகள். பாகு உடனே பிடிக்கும், கையைச் சுடும், கவனம்.

சரிவராதவையும் உண்டு. மகளுக்கு இப்போது பதின்நாலாகப் போகிறது, டிசம்பர் 24 இரவு போனில் ஸ்காபரோ வானிலையைத் திறந்து பார்ப்பாள், நான் கேட்பதில்லை. கணவருக்கு ஜூலை வான்கோழி மனதுக்குப் பிடிபடவில்லை, அது வெறும் இறைச்சியாக இருக்கிறது என்கிறார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. எல்லாப் பழக்கத்தையும் இடம்மாற்றி நட முடியாது போலிருக்கிறது, சிலவற்றுக்கு அந்தத் திகதியே வேர்.

சித்திரை

2025 ஜனவரி 20ஆம் திகதியும் தடி நட்டோம், நிழல் இல்லை. அன்றைக்கு அம்மா ஒரு கேள்வி கேட்டார். இங்கேயிருந்து வெளிக்கிட்டவர் எங்கள் ஊருக்கு எப்போது போய்ச் சேருவார்? கணவர் கணக்குப் பார்த்தார். யாழ்ப்பாணம் வடக்கே ஒன்பதே முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவு. சூரியன் அந்த இடத்துக்கு நேரே வருவது ஏப்ரல் 14, 15. அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அது வருசப்பிறப்பு" என்றார்.

ஏப்ரல் 14 காலை அம்மா பிள்ளைகளுக்குக் கைவிசேஷம் கொடுத்தார், தமிழெழுத்து மேலே தெரிகிற மாதிரி மடித்த மொரிஷியஸ் நோட்டு, வெற்றிலையில் வைத்து. வந்த முதல் வாரம் மடித்து வைத்த நோட்டும் அதில் ஒன்று, அது மகளுக்குப் போனது. வருடப்பிறப்புக்குத் தலையில் வைத்துக் குளிக்கிற மருத்துநீர் இங்கே கிடைப்பதில்லை, மஞ்சளும் அறுகம்புல்லும் போட்டுக் காய்ச்சிக்கொண்டோம். காலை பத்தே முக்காலுக்குக் கொக்குவிலிலிருந்து மாமாவின் படம் வந்தது. அங்கே அப்போது மத்தியானம் பன்னிரண்டேகால். வீட்டு முற்றம், கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் தடி நேராக நிற்கிறது, சுற்றி வெள்ளை மணல். நிழல் இல்லை.

அம்மா போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, தடியின் அடியை நெடுநேரம் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டுக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். "எழுது, ராசா" என்றார். "வந்து சேர்ந்திட்டார்."